கார்டே வேண்டாம் மக்கா

கொட்டாரத்தில் பக்கத்து வீட்டுப் பையன், அப்பா சீட்டு எடுத்துக் கொடுத்த 35,000 ரூபாயோடு வந்தான். 'அண்ணாச்சி, நல்ல கிராஃபிக்ஸ் கார்டா ஒண்ணு சொல்லுங்க.'

'கார்டே வேண்டாம் மக்கா' என்றேன். முகம் செத்துவிட்டது.

ஏஎம்டி 2021-ல் விற்பனைக்கு விட்ட ரைசன் 5 5600ஜி-க்குள்ளேயே படம் காட்டும் சமாச்சாரம் இருக்கிறது. வேலரன்ட் தாராளமாக ஓடும். அந்த 'ஜி'யை மறந்து வெறும் 5600 வாங்கினால், தனி கார்டு போடும்வரை திரையில் அமாவாசைதான். உள்ளே இருக்கும் கிராஃபிக்ஸுக்குச் சொந்த மெமரி கிடையாது. ராமிடம் கடன் வாங்கும். அதனால் 16 ஜிபி ஒற்றை ஸ்டிக்கைவிட 8 ஜிபி ஸ்டிக் இரண்டு போட்டால் ஆட்டம் வேகம். 2025 கடைசியில் ராம் விலை எகிறிவிட்டதால், 'இப்ப ஒண்ணு போதும்' என்பார் கடைக்காரர். மசியாதீர்கள்.

கஞ்சத்தனத்தைக் கேபினெட்டில் காட்டலாம், எஸ்எம்பிஎஸ்ஸில் கூடாது. நான் கேபினெட்டோடு ஓசியில் வந்ததை நம்பினேன். ஓர் ஐப்பசி இடியில் அது போயிற்று, மதர்போர்டையும் கூட்டிக்கொண்டு. இவன் அக்கா டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கப்போவதும் இதே கம்ப்யூட்டரில்தான்.

'கார்டு?'

'போர்டில் இடம் இருக்கு. அடுத்த சீட்டுக்குப் போட்டுக்கலாம்.'

வாசல்வரை போனவன் திரும்பினான். 'கலர் லைட்டுமா கிடையாது, அண்ணாச்சி?'