வலைமனைக்கு ஒரு காரியஸ்தர்

இணையதளம் இல்லாத சங்கமோ சபையோ கலாசாலையோ இக்காலத்தில் அபூர்வம். கல்யாண மண்டபங்களுக்குக்கூடத் தளம் உண்டு. தளத்தை ஆரம்பித்துவிட்ட அன்பர்களில் பலர் சில மாதங்களுக்கெல்லாம் நம்மைப் போன்ற பள்ளிக்கூட வாத்தியார்களைத் தேடி வந்து, "ஸார், ஸி-பேனல் நல்லதா, பிளெஸ்க் நல்லதா, காசில்லாமல் கிடைக்கிறதே, அதுதான் நல்லதா?" என்று விசாரிக்கிறார்கள். கணக்கும் இலக்கணமும் தெரிந்தவருக்கு இதுவும் தெரிந்திருக்கும் என்பது நம் ஜனங்களின் அசைக்க முடியாத நம்பிக்கை. அதைக் கெடுப்பானேன் என்று நாமும் இவ்விஷயத்தைக் கொஞ்சம் ஆராய்ந்து வைத்திருக்கிறோம்.

விஷயம் புதிதாயிருக்கும் நேயர்களுக்கு இரண்டு வார்த்தை. இணையதளம் ஆகாயத்தில் தொங்குவதன்று. எங்கோ ஓர் ஊரில் இரவு பகல் ஓயாமல் ஓடும் ஒரு கம்ப்யூட்டரில் அது குடியிருக்கிறது. அந்தக் கம்ப்யூட்டருக்கு ஸர்வர் என்றும், அதில் இடம் வாடகைக்கு விடும் தொழிலுக்கு ஹோஸ்டிங் என்றும் பெயர். ஸர்வருக்குள்ளே பல சிப்பந்திகள் இருக்கிறார்கள். கேட்டவருக்குப் பக்கத்தை எடுத்துக் கொடுப்பது அப்பாச்சி. விவரங்களைப் பெட்டியில் அடுக்கி வைப்பது மரியா-டிபி. தபால் கட்டுவது எக்ஸிம். இவர்களுக்கெல்லாம் அவரவர் பாஷையில் வரி வரியாக உத்தரவு எழுதிக் கொடுக்க வேண்டும். ஓர் அரைப்புள்ளி விட்டுப் போனாலும் சிப்பந்தி வேலைநிறுத்தம் செய்துவிடுவார். நாம் பொத்தானை அமுக்கினால் அந்த உத்தரவுகளை நமக்காக எழுதிக் கொடுக்கும் காரியஸ்தர்தான் கண்ட்ரோல் பேனல்.

இந்தக் காரியஸ்தரை அமர்த்துகிறவர்கள் பெரும்பாலும் பார்ப்பது முகப்பொலிவைத்தான். படங்கள் வரிசையாக இருக்கின்றனவா, நிறம் கண்ணுக்குக் குளிர்ச்சியா என்று பார்க்கிறார்கள். நாமோ, அமர்த்துவதற்கு முன்பே அவரை எப்படி அனுப்பி வைப்பது என்று விசாரிக்கச் சொல்கிறோம். கேட்பதற்கு இது அமங்கலமாகத் தோன்றலாம். ஆனால் 2019-ம் வருஷத்துக் கதையைக் கேட்டால் நேயர்களும் நம் கட்சிக்கு வந்துவிடுவார்கள்.

ஸி-பேனல் என்பது 1996-ல் நிக் கோஸ்டன் என்ற அமெரிக்க இளைஞர் பெர்ல் பாஷையில் எழுத ஆரம்பித்தது. நாளடைவில் ஹோஸ்டிங் கடைகளில் பாதிக்குமேல் அதுதானோ என்று எண்ணும்படி பரவிற்று. அதற்கு முக்கியமான போட்டி பிளெஸ்க். 2017-ல் பிளெஸ்க்கை ஓக்லி காபிடல் என்ற முதலீட்டு ஸ்தாபனம் வாங்கிற்று. 2018-ல் அதே ஓக்லி காபிடல் தலைமை வகித்த கோஷ்டி ஸி-பேனலையும் வாங்குவதாக ஒப்பந்தம் செய்துகொண்டது. எதிரும் புதிருமாயிருந்த இரண்டு கடைக்கும் ஒரே முதலாளி! மறு வருஷம் ஜூன் மாதத்தில் வந்தது அறிவிப்பு. அதுவரையில் ஒரு ஸர்வரில் எத்தனை குடிகள் இருந்தாலும் ஸி-பேனலுக்கு ஒரே கட்டணம். இனிமேல் தலைக்கு இவ்வளவு என்றார்கள். பெரிய திட்டத்தில் 100 கணக்குவரை மாதம் 45 டாலர். அதற்கு மேல் ஒவ்வொன்றுக்கும் 20 ஸென்ட். ஆயிரம் சிறு தளங்களை ஒரே ஸர்வரில் வைத்திருந்த கடைக்காரரின் கதியை நம் வகுப்புப் பையன்கூடப் போட்டுவிடுவான்: 45-ம், 900 தடவை 20 ஸென்ட்டும் சேர்ந்து 225 டாலர். பிறகும் அநேகமாக வருஷந்தோறும் விலை ஏறியே வந்திருக்கிறது.

விலையை ஏற்றுவது வியாபாரியின் உரிமை. அதைப்பற்றி நாம் குறை சொல்ல வரவில்லை. அந்தச் சமயத்தில் கிளம்பிப் போக யாரால் முடிந்தது என்பதே கேள்வி. இங்கே ஸி-பேனலுக்கு நியாயம் செய்துவிட வேண்டும். அதைவிட்டு வெளியேறுவது மற்ற எதைவிட்டு வெளியேறுவதையும்விட எளிது. தளம், தபால், விவரப்பெட்டி எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிக் கொடுக்கும். கானடா தேசத்து டைரக்ட்-அட்மின், இலவசமாய்க் கிடைக்கும் வெர்ச்சுவல்மின், ஹெஸ்டியா ஆகிய மூன்றும் அந்த மூட்டையை அவிழ்த்து எடுத்துக்கொள்ளத் தெரிந்தவை. 2019-க்குப் பிறகு பல கடைகள் டைரக்ட்-அட்மினுக்குக் குடிபெயர்ந்தது இதனால்தான். வாடகைக்கு இருக்கிற நேயர்கள் ஒன்று கவனிக்க: முழு மூட்டையை நாமே கட்டி இறக்கிக்கொள்ளலாமே தவிர, அதை நாமே திரும்ப ஏற்ற முடியாது, ஸர்வர்க்காரர்தான் ஏற்ற வேண்டும்.

சில ஸ்தாபனங்கள் தாங்களே செய்த பேனலைக் கொடுக்கின்றன. ஹோஸ்டிங்கரின் எச்-பேனல் அப்படிப்பட்டது. பார்வைக்கு அழகு, பழகுவதற்குச் சுலபம். ஆனால் அது அவர்கள் வீட்டில் மட்டுமே வேலை பார்க்கும். கிளம்புகிற அன்று கோப்புகளைத் தனியாகவும் விவரப்பெட்டியைத் தனியாகவும் நாமேதான் கட்டிக்கொள்ள வேண்டும்.

நமக்குத் தெரிந்த ஒரு பழைய மாணவர் சங்கத்தின் கதை இவ்விடத்தில் ஞாபகம் வருகிறது. சங்கத்தின் பெயரும் வேண்டாம், ஹோஸ்டிங் கடையின் பெயரும் வேண்டாம். பேனலின் பாஸ்வேர்டு ஒரே ஒரு அங்கத்தினரிடம் இருந்தது. அவரோ உத்தியோக நிமித்தம் அயல் தேசம் போய்விட்டார். வாடகைக் கெடு முடிந்ததைச் சொல்லும் கடிதங்கள் அவருடைய பழைய விலாசத்துக்கே போய்க்கொண்டிருந்தன. கடைக்காரர் கணக்கை மூடினார். பேனல் ஞாயிறுதோறும் தவறாமல் காப்புப் பிரதி எடுத்து வந்தது உண்மைதான். ஆனால் அதை வைத்த இடமும் அதே கணக்குத்தான்! காலஞ்சென்ற ஆசிரியர்களின் படங்களும், வெள்ளிவிழா மலரின் பக்கங்களும் கூடவே போயின. நல்ல பேனல்களில் பிரதியை வேறோர் இடத்துக்கு அனுப்பும் வசதியும், இரண்டு மூன்று பேருக்குத் தனித்தனி நுழைவும் உண்டு. அவை இருக்கின்றனவா என்று கேட்பதோடு நில்லாமல், பிரதியை ஒரு தரம் இறக்கித் திறந்து பார்த்துவிட வேண்டும்.

இனி, சாவிக்கொத்து. இந்தக் காரியஸ்தருக்கு ஸர்வரில் ஸர்வாதிகாரம் உண்டு. எந்த அறையையும் திறப்பார். ஆகையால் அவரிடம் ஒரு பலவீனம் இருந்தால் கள்ளனுக்குக் கன்னக்கோல் தேவையில்லை. ஸைபர்-பேனல் என்ற இலவசப் பேனலில் 2024 அக்டோபரில் அத்தகைய ஓட்டை வெளிப்பட்டது. இணையத்தில் வெளியே தெரிந்த ஸர்வர்கள் சுமார் 22,000. கொள்ளையர் புகுந்து கோப்புகளுக்கெல்லாம் பூட்டுப் போட்டுவிட்டுக் கப்பம் கேட்டார்கள். வெப்மின் விஷயம் இன்னும் விசித்திரம். அதைத் தயாரிக்கும் கம்ப்யூட்டரிலேயே 2018-ல் யாரோ புகுந்து ஒரு கள்ள வழியை வைத்துவிட்டுப் போனார்கள். அது வெளிச்சத்துக்கு வந்தது 2019 ஆகஸ்டில். வெப்மின்காரர்கள் நடந்ததை மறைக்காமல் எழுதி வெளியிட்டுப் புதிய பதிப்பையும் கொடுத்தார்கள். அந்தக் காரணத்தாலேயே அவர்களிடம் நமக்கு மதிப்புக் குறையவில்லை. ஒரு பேனலின் திருத்தப் பட்டியலைப் பார்த்து, கடைசித் திருத்தம் எப்போது வந்தது என்று அறிந்துகொள்வது ஐந்து நிமிஷ வேலை. பேனலின் வாசலைச் சொந்த விலாசத்திலிருந்து மட்டும் திறக்கும்படி அடைத்து வைப்பது இன்னொரு பத்து நிமிஷம்.

வெஸ்டா என்ற பேனலும் 2018-ல் இப்படித்தான் அடிபட்டது. அதன் மூலத்தைச் சிலர் எடுத்துச் செப்பனிட்டு ஹெஸ்டியா என்று பெயர் வைத்தார்கள். ரோமாபுரியாரின் அடுப்படித் தெய்வம் வெஸ்டா. கிரேக்கருக்கு அதே தெய்வம் ஹெஸ்டியா. பெயர் வைத்தவர் படித்தவர்தான்!

பேனலுக்கு அடியிலுள்ள தரையையும் பார்க்க வேண்டும். வெகுகாலம் பல பேனல்கள் ஸென்ட்-ஓஎஸ் என்ற லினக்ஸின்மேல் நின்றன. அதன் 8-வது பதிப்பு 2029 வரை ஓடும் என்றிருந்தார்கள். 2021 முடிவோடு நிறுத்துவதாக 2020 டிசம்பரில் திடீரென்று அறிவிப்பு வந்தது. 7-வது பதிப்பும் 2024 ஜூனோடு முடிந்தது. ஆகவே, புதிதாய் அமர்த்துகிறவர்கள் அடியில் அல்மா-லினக்ஸா, டெபியனா, உபுண்டுவா, அதற்கு இன்னும் எத்தனை வருஷ ஆயுள் என்று கேட்கட்டும்.

கடைசியில் எதைத்தான் அமர்த்துவது? ஒரே ஒரு தளம் வைத்துள்ள சபை ஸர்வர் வாங்கவே வேண்டாம். ஸி-பேனலோ டைரக்ட்-அட்மினோ உள்ள ஒரு கடையில் சிறிய இடம் போதும். காரியஸ்தரின் சம்பளம் வாடகையிலேயே அடக்கம். பத்து இருபது தளங்களைப் பார்த்துக்கொள்கிறவர், லினக்ஸில் கொஞ்சம் கைப்பழக்கமும் இருந்தால், ஹெஸ்டியாவையோ வெர்ச்சுவல்மினையோ வைத்துக்கொள்ளலாம். 1 ஜி.பி. ஞாபக சக்தியுள்ள மலிவு ஸர்வரில்கூட ஹெஸ்டியா ஓடும். கிருமி சோதிக்கும் கிளாம்-ஏவியை மட்டும் அதில் ஏற்றக்கூடாது, அது ஒன்றே அவ்வளவையும் விழுங்கிவிடும். விண்டோஸ் ஸர்வர்தான் வேண்டுமென்பவருக்குப் பிளெஸ்க். நூற்றுக்கணக்கான வாடிக்கைக்காரரை வைத்துத் தொழில் நடத்துகிறவருக்கு விலை அதிகமானாலும் ஸி-பேனல் பிரயோஜனப்படும். வருகிற வாடிக்கைக்காரருக்கு அது ஏற்கெனவே பழக்கமாயிருப்பதால், விளக்கம் சொல்லும் வேலை பாதி மிச்சம்.

தபால் விஷயம் ஒன்று பாக்கி. பேனலில் தபால் பெட்டி திறப்பது ஒரு நிமிஷ வேலை. ஆனால் அனுப்பிய கடிதம் ஜிமெயில்காரரின் குப்பைக் கூடைக்குப் போகாமல் காப்பாற்றுவது வேறு வேலை. 2024 பிப்ரவரி முதல் மொத்தமாய்க் கடிதம் அனுப்புகிறவர்கள் எஸ்பிஎப், டிகேஐஎம் என்ற முத்திரைகளைக் குத்தியாக வேண்டும் என்று கூகிளும் யாஹூவும் விதித்திருக்கின்றன. பேனல் அந்த முத்திரைகளைச் செய்து கொடுத்தாலும், அதே ஸர்வரில் அடுத்த அறைக்காரர் வம்புக் கடிதம் அனுப்பினால் நம் பெயரும் சேர்ந்து கெடும். சின்னச் சபைகள் தளத்தை ஓரிடத்திலும் தபாலை வேறிடத்திலும் வைத்துக்கொள்வதில் கௌரவக் குறைவு ஒன்றுமில்லை.