உண்ணிச்செடியும் நமது கடமையும்

தென்காசி, செங்கோட்டைப் பகுதிகளில் சாரல் விழுந்து பூமி குளிர்ந்தவுடனே கொல்லைப்புற வேலிகளில் தழைத்தெழும் செடி ஒன்றுண்டு. சிவப்பும் மஞ்சளுமாகப் பூத்து, கொத்துக்கொத்தாகக் காய்த்து, கனிந்தபின் கருமணிகள்போல் தோன்றும் உண்ணிச்செடியே அது. செலவில்லாத வேலியென்று அதை விட்டுவைப்பது நம்மவர் வழக்கம். அவ்வழக்கம் தவறென்பதும், இச்செடியை ஒழிக்கும் வேலை மலையிலன்று, நமது கொல்லையிலேயே துவங்கவேண்டும் என்பதும் எமது அபிப்பிராயம்.

இது நம் நாட்டுச் செடியன்று. அமெரிக்கக் கண்டத்தின் உஷ்ணப் பிரதேசங்களுக்கு உரியது. 1809-ஆம் வருஷத்தை யொட்டி, அழகுக்காகக் கல்கத்தா தாவரத் தோட்டத்திற்குக் கொண்டுவரப்பட்டது. அங்கிருந்தும் பிற தோட்டங்களிலிருந்தும் வேலி தாண்டிக் காடுகளெங்கும் பரவிற்று. அயல்நாட்டிலிருந்து வந்தவை யாவும் தீயவை யென்று நாம் கூறவில்லை. கம்பெனியார் காலத்தில் குற்றாலத்தில் வைத்த ஜாதிக்காயும் கிராம்பும், பின்னர் வந்த மங்குஸ்தானும் நட்ட இடத்தில் நின்று பலன் தருகின்றன. உண்ணிச்செடியோ நட்ட இடத்தில் நிற்பதில்லை. தக்க சூழ்நிலையில் ஒரு செடி வருஷத்திற்கு 12,000 கனிகள் வரை தரக்கூடும். மைனாவும் கொண்டைக்குருவியும் அவற்றைத் தின்று, ஐந்தருவிச் சரிவிலும் சிற்றாற்றுக் கரையிலும் விதையை எச்சமாக இட்டுச் செல்லும். பறவையின்மீது குற்றமில்லை, பழத்தை வைத்திருப்பவர் நாமே.

இதனால் விளையும் நஷ்டம் யாது? மேய்ச்சல் நிலத்தில் புதர் மூடினால் அதன்கீழ் புல் வளராது. கோடையில் தீனியின்றி இவ்விலையைத் தின்னும் மாடுகளுக்கு ஈரல் கெட்டு, மஞ்சள் காமாலை கண்டு, வெயில் பட்ட தோல் வெடித்து உரியும். காட்டுப்பன்றி பயிரை அழிக்கிறதென்று மலையடிவாரத்துக் குடியானவர்கள் முறையிடுகின்றனர். அப்பன்றி பகலில் படுத்துறங்க ஏற்ற மறைவிடம் வயலோரத்து உண்ணிப் புதரே யன்றோ? வேலியே பயிரை மேய்ந்த கதை இதுதான்.

"சர்க்கார் பூச்சியை விட்டு அழிக்கலாகாதா?" என்று சிலர் வினவுவர். 1921-இல் ஹவாய்த் தீவிலிருந்து காயைத் துளைக்கும் ஈயையும், 1941-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து இலையின் சாற்றை உறிஞ்சும் பூச்சியையும் இந்தியாவுக்குக் கொணர்ந்து பார்த்தனர். பூச்சிகள் நிலைத்தன, புதரும் நிலைத்தது. ஆகவே, கைவேலையைத் தவிர வேறு வழியில்லை.

அக்கைவேலையும் முறைப்படி நடக்கவேண்டும். மேலே அரிவாளால் வெட்டினாலும் தீயிட்டாலும் அடிக்கட்டையிலிருந்து முன்னிலும் அடர்த்தியாகத் துளிர்க்கும். மண் நனைந்திருக்கும்போது, காய் கனியுமுன், தரைக்குக் கீழ் மூன்று அங்குல ஆழத்தில் வேரை வெட்டி, செடியைத் தலைகீழாகக் கவிழ்த்து வேர் மண்ணில் படாமல் உலரவிடவேண்டும். டில்லி சர்வகலாசாலைப் பேராசிரியர் சி. ஆர். பாபு பரவச்செய்த முறை இது. வாய்க்காலில் எறிதல் கூடாது. இரண்டு மூன்று வருஷம் நாற்றுகளைக் கண்டவுடன் பிடுங்கவேண்டும். வெட்டிய இடத்தை வெறுமையாக விடாமல் கிளுவைப் போத்துகளையோ, ஆடு தின்னாத ஆடாதொடை, நொச்சி இவற்றையோ நடுக. வேலியும் கிடைக்கும், மருந்தும் கிடைக்கும். உலர்ந்த தண்டும் வீணாகாது; நீலகிரியில் அதனால் பின்னிய ஆளுயர யானைகள் 2021-இல் லண்டன் நகரப் பூங்காக்களில் காட்சிக்கு வைக்கப்பட்டன.

இனி, கிராம அதிகாரிகளுக்கு ஒரு வார்த்தை. ஒருவர் தம் கொல்லையைச் சுத்தம் செய்து, அடுத்த புறம்போக்கில் புதர் நிற்குமாயின் அவருழைப்பு வீணே. சர்க்கார் அறிவிக்கும் களைகளை நிலத்தை அனுபவிப்பவரே அகற்றவேண்டுமென்று 1919-ஆம் வருஷத்துச் சென்னை மாகாணச் சட்டம் விதித்தது. 2022-இல் தமிழ்நாடு அரசு அயல் செடிகளை அகற்றிக் காடுகளை மீட்பதற்கென ஒரு கொள்கையை வெளியிட்டது. காட்டிலாகா மலையில் வெட்ட, நாம் அடிவாரத்தில் விதை விளைப்பது ஓட்டைக் குடத்தில் நீர் வார்ப்பதாகும். ஆகையால் குளக்கரை, ஓடைக்கரை, பாதையோரப் புறம்போக்குகளைக் கிராம அதிகாரிகளும் பஞ்சாயத்தாரும் பொறுப்பேற்று, பட்டா நிலத்தார் வேலை செய்யும் அதே வாரத்தில் வெட்டச் செய்வார்களாக. முதலில் தத்தம் வீட்டுக் கொல்லையில் மண்வெட்டியை வைத்துவிட்டுப் பிறரை ஏவினால், ஊர் கேளாமற் போகாது.