மொட்டைக் கடிதமும் மூடிய முகமும்

இலை உதிர்ந்து நிற்கும் மரத்தை மொட்டை மரம் என்கிறோம். கூரையில்லாத மாடி மொட்டை மாடி. கட்டி முடிக்காமல் விடப்பட்ட கோபுரம் மொட்டைக் கோபுரம். உச்சி இல்லாதவற்றுக்கெல்லாம் அப்பெயரைச் சூட்டிய நம் மக்கள், கையொப்பமில்லாத மடலையும் மொட்டைக் கடிதம் என்றே அழைத்தனர். எழுதியவரின் பெயரே மடலுக்குத் தலை என்பது அவர்கள் கருத்து. தலையில்லாத ஓர் உருவம் நம் வாயிலில் வந்து நின்றால் அதனை உள்ளே அழைத்து அமர வைப்போமா? ஆயினும் தலையில்லாத இம்மடல்களுக்கு நம் இல்லங்களிலும், பங்குகளிலும், நிறுவனங்களிலும் கிடைக்கும் வரவேற்பு வியப்புக்குரியது.

இவை எப்போது வரும் என்பதை நாம் அனைவரும் அறிவோம். திருமண ஓலை முதல் ஞாயிறு வாசிக்கப்பட்டதும் மணமகன் வீட்டுக்கு ஒன்று வரும். பள்ளியில் தலைமையாசிரியர் பணியிடம் காலியாகும் வேளையில் தாளாளருக்கு ஒன்று வரும். பங்குப் பேரவைக்குப் புதியவர்கள் தேர்ந்தெடுக்கப்படும்போது ஆயர் இல்லத்துக்கு ஒன்று போகும். உறையின் மேல் முகவரி இடக்கையால் எழுதியதுபோல் கோணலாக இருக்கும். அஞ்சல் முத்திரை அடுத்த ஊருடையதாக இருக்கும். முடிவில் ‘உண்மை விளம்பி’ என்றோ, ‘பங்கின் நலன் விரும்பி’ என்றோ ஒரு முகமூடி தொங்கும். இக்காலத்தில் அஞ்சல்தலையும் தேவையில்லை. பொய்ப்பெயரில் புறப்பட்ட செய்தி ஒன்று, கைபேசி விட்டுக் கைபேசி தாவி, பூசை முடிவதற்குள் பங்கு முழுவதையும் சுற்றி வந்துவிடுகிறது.

எழுதியவரைப் பற்றி நாம் அதிகம் பேசப் போவதில்லை. பொறாமையோ, காயமோ, பழைய பகையோ அவரை எழுத வைத்திருக்கலாம். நம் வழக்கு அம்மடலைப் படித்து, மடித்து, பத்திரப்படுத்தி, நான்கு பேரிடம் காட்டுபவரோடுதான். அவரைக் கேட்டால் உடனே ஒரு பழமொழி வரும்: நெருப்பில்லாமல் புகையுமா? புகையாதுதான். ஆனால் நெருப்பு வைத்தவர் யார் என்று அப்பழமொழி கூறுவதில்லையே! அயலான் கொல்லையில் கொளுத்திப் போட்டுவிட்டு, ‘ஐயோ, புகை வருகிறதே’ என்று முதலில் கூவுபவன் கொளுத்தியவனாகவே இருக்கலாம். நம்மிடையே எத்தனையோ நல்லவர்களின் பெயரைப் பொசுக்கியது இந்த ஒற்றைப் பழமொழி.

இக்கேள்வி திருச்சபைக்குப் புதியதன்று. ஏறத்தாழ கி.பி. 112ஆம் ஆண்டில், புனித பேதுரு தம் முதல் திருமுகத்தில் வாழ்த்துகின்ற பித்தினியா நாட்டில், பிளினி என்பவர் உரோமை ஆளுநராக இருந்தார். கிறிஸ்தவர்கள் என்று பலருடைய பெயர்களைக் கொண்ட பட்டியல் ஒன்று, எழுதியவர் பெயரின்றி அங்கு வெளியானது. என்ன செய்யலாம் என்று அவர் பேரரசர் டிராஜனுக்கு எழுதினார். டிராஜன் கிறிஸ்தவர்களின் நண்பர் அல்லர். குற்றம் சாட்டப்பட்டு உறுதியானவர்களைத் தண்டிக்கும்படியே அவர் பணித்தார். ஆனால் பெயரில்லாத தாள்களை எந்தக் குற்றச்சாட்டிலும் ஏற்கக் கூடாது என்றும், அது மிகத் தீய முன்மாதிரி என்றும், தம் காலத்துக்கே இழுக்கு என்றும் மறுமொழி எழுதினார். நம் மூதாதையரைக் கொல்ல ஆணையிட்ட கையே ஒதுக்கித் தள்ளிய தாளை, திருமுழுக்குப் பெற்ற நம் கைகள் ஆவலோடு பிரிக்கலாமா?

திருத்தூதர் பணிகள் நூலிலும் இதே நெறியைக் காண்கிறோம். பவுலின் தலையைக் கேட்டு நின்றவர்களிடம் ஆளுநர் பெஸ்து உரோமையரின் வழக்கத்தை எடுத்துரைக்கிறார். குற்றம் சாட்டுவோரைக் குற்றம் சாட்டப்பட்டவர் நேருக்கு நேர் கண்டு மறுமொழி கூற வாய்ப்புப் பெறும் முன், எவரையும் கையளிப்பது தங்கள் முறையன்று என்கிறார். பிற இனத்து அதிகாரி காத்த நீதி அது.

அந்த நேர்முகத்தின் அருமையைச் சூசன்னாவின் வரலாறு நமக்குக் காட்டுகிறது. இரு முதியோர் அவள்மீது பழி சுமத்தினர். அவர்கள் பொய்யர், ஆயினும் மக்கள் முன் முகம் காட்டி நின்ற பொய்யர். அதனால்தான் இளைஞன் தானியேல் அவர்களைத் தனித்தனியே பிரித்து, எந்த மரத்தடியில் கண்டாய் என்று கேட்க முடிந்தது. ஒருவர் ஒரு மரத்தைச் சொன்னார். மற்றவர் வேறொரு மரத்தைச் சொன்னார். பொய் உடைந்தது, ஒரு பெண் உயிர் பிழைத்தாள். அம்முதியோர் தங்கள் பழியை மொட்டைக் கடிதமாக எழுதி அனுப்பியிருந்தால் தானியேல் யாரை அழைத்திருப்பார்? எந்த மரம் என்று யாரைக் கேட்டிருப்பார்? தாளைக் குறுக்கு விசாரணை செய்ய எந்த ஞானியாலும் இயலாது. நம் பங்குகளில் இன்று எத்தனை சூசன்னாக்கள், கேள்வி கேட்க ஆளின்றி, ஓலை நின்றுபோய்த் தந்தையின் வீட்டில் தங்கிவிட்டார்கள்!

திருச்சபை குறைகளைக் கேட்க மறுக்கிறதா? இல்லை. திருமண ஓலை வாசிப்பதே கேட்பதற்காகத்தான். தடை ஏதும் அறிந்தவர் பங்குத்தந்தையிடம் வந்து தெரிவிக்குமாறு ஆலயத்தின் நடுவே அறிவிக்கிறோம். வந்து சொல்ல ஒரு வாயில் திறந்திருக்கையில், மதிலேறிக் குதித்து வருபவரை என்னவென்று அழைப்பது? ஒப்புரவு அருட்சாதனத்தில் நாம் நம்மையே குற்றம் சாட்டுகிறோம். திருச்சபை அதனை மறைபொருளாகக் காக்கிறது. மொட்டைக் கடிதமோ பிறரைக் குற்றம் சாட்டித் தன்னைக் காத்துக்கொள்கிறது. ஒப்புரவைத் தலைகீழாகப் புரட்டிய செயல் இது.

இதில் இன்னுமொரு கொடுமை உண்டு. திருடியவன் பொருளைத் திருப்பித் தரலாம். பொய் சொன்னவன் மன்றத்தில் நின்று, ‘நான் சொன்னது பொய்’ என்று கூறலாம். 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 982ஆம் சட்டம், குற்றமற்ற ஒப்புரவாளர் மீது பொய்யாக முறையிட்டவர், அதனை முறைப்படி திரும்பப் பெற்று, நேர்ந்த கேட்டை ஈடுசெய்யவும் ஆயத்தமானாலன்றி பாவமன்னிப்பு இல்லை என்கிறது. பெயரின்றி எழுதியவர் எதைத் திரும்பப் பெறுவார்? யார் பெயரால் திரும்பப் பெறுவார்? மனம் மாறினாலும் மீளும் வழியைத் தம் கையாலேயே அடைத்துக்கொண்டவர் அவர்.

இம்மடல்கள் ஓர் ஊரை என்ன செய்யும் என்பதற்குப் பிரான்சு நாட்டின் தூல் நகரம் சான்று. பேராலயம் உள்ள சிறு நகரம் அது. 1917 முதல் 1922 வரை ஏறத்தாழ 110 மொட்டைக் கடிதங்கள் அங்கு உலவின. முதலில் அரசு அலுவலக ஊழியர்களைத் தாக்கியவை, பின்னர் குடும்பங்களுக்குள் புகுந்தன. கணவன் மனைவியை ஐயுற்றான். அயலார் அயலாரை ஐயுற்றனர். இறுதியில் லியோன் நகரிலிருந்து எட்மோன் லோக்கார் என்ற தடயவியல் அறிஞர் வரவழைக்கப்பட்டார். ஐயத்துக்குரியவர்களை அமர்த்திச் சொல்லச் சொல்ல எழுத வைத்து, அவர் கையெழுத்தைக் கண்டுபிடித்தார். ஊர் ஏதோ ஓர் அரக்கனை எதிர்பார்த்தது. வெளிப்பட்டவரோ, அதே அலுவலகத்தில் பணியாற்றிய, நிறைவேறாத காதலால் புண்பட்ட ஒரு பெண். வழக்கு முடிவதற்குள் தாயும் மகளும் நீரில் குதித்தனர், தாய் மாண்டாள். 1922 டிசம்பரில் மகளுக்குக் கிடைத்த தண்டனை மிகச் சிறியது. ஊர் அனுபவித்ததோ ஐந்தாண்டுத் தண்டனை. எழுதியவர் ஒருவர்; அதனை நகரமெங்கும் பேசித் திரிந்து வலிமை கொடுத்தவர்களோ ஊரார்!

இங்கே ஒரு மறுப்பு எழும். அது நேர்மையான மறுப்பு. ‘பெயரெழுதினால் வேலை போய்விடுமே! அதிகாரத்தில் இருப்பவரை எதிர்க்க எளியவனுக்கு வேறு வழி ஏது?’ என்பர். இக்கேள்வியைத் தட்டிக்கழிக்க நமக்கு உரிமையில்லை. தங்க நாற்கரச் சாலைத் திட்டத்தில் பணியாற்றிய பொறியாளர் சத்தியேந்திர துபே, அதில் கண்ட முறைகேடுகளைப் பிரதமர் அலுவலகத்துக்கு எழுதினார். தம் விவரங்களைத் தனியே இணைத்து, பெயரை மறைவாக வைக்குமாறு வேண்டினார். அம்மடல் பெயரோடு பல மேசைகளைச் சுற்றியது. 2003 நவம்பர் 27 அன்று அவர் கயாவில் சுட்டுக் கொல்லப்பட்டார். அதனை வழிப்பறிக் கொலை என்று புலனாய்வு முடித்தது. ஆயினும் நம்பித் தந்த பெயரைக் காக்கவில்லை என்ற பழி அரசை விடவில்லை. 2004இல் மத்திய அரசு ஒரு தீர்மானம் கொண்டுவந்தது. அதன்படி மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையத்துக்கு ஒருவர் பெயரோடு எழுதலாம். அப்பெயரை ஆணையம் மறைத்துக் காக்கும். ஆனால் பெயரில்லாத முறையீட்டை ஏற்காது.

மறைத்துக் காக்கப்படும் பெயர் வேறு. இல்லாத பெயர் வேறு. முன்னதில் பொறுப்பேற்க ஒருவர் இருக்கிறார். கேள்வி கேட்கலாம், சான்று கேட்கலாம். பின்னதில் காற்றுதான் இருக்கிறது.

திருச்சபையும் இந்நெறியையே இன்று வற்புறுத்துகிறது. 2019இல் திருத்தந்தை பிரான்சிசு வெளியிட்ட சட்டம், பாலியல் கொடுமைகளைத் தெரிவிக்க எளிதில் அணுகக்கூடிய நிலையான அமைப்பு ஒவ்வொரு மறைமாவட்டத்திலும் இருக்க வேண்டும் என்றது. தெரிவித்தவரைப் பழிவாங்குவதையும் தடை செய்தது. 2020இல் உரோமையின் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் வெளியிட்ட கையேடு, பெயரில்லை என்பதாலேயே செய்தி பொய்யென்று தள்ளிவிடலாகாது என்றும், அதனை மிகுந்த விழிப்போடு அணுக வேண்டும் என்றும், இத்தகைய முறையீடுகளை ஊக்குவிக்கக் கூடாது என்றும் கூறியது. குழந்தையின் பாதுகாப்புப் பற்றிச் சரிபார்க்கத்தக்க செய்தி வந்தால், பொறுப்பானவர் அதனைச் சரிபார்க்கத்தான் வேண்டும். அச்செய்தி போய்ச் சேர வேண்டிய இடம் அவர் மேசை. தேநீர்க் கடையும் கல்லறைத் தோட்டத்து மதிற்சுவரும் அதற்குரிய இடங்கள் அல்ல.

ஆகவே, அதிகாரத்தில் இருப்போருக்கு நாம் விடுக்கும் வேண்டுகோள் இது: பெயரோடு வரும் எளியவரை உட்கார வைத்துக் கேளுங்கள், அவர் பெயரை உயிர்போல் காத்திடுங்கள். கையொப்பமிட்டவனைப் பணிமாற்றம் செய்யும் அலுவலகம், அடுத்த முறை மொட்டைக் கடிதம் வந்தால் வருந்த உரிமையற்றது. அதனை எழுதக் கற்றுக்கொடுத்ததே அதுதான்.

பொதுநிலையினராகிய நமக்கும் கடமை உண்டு. வந்த தாளை ஒருவருக்கும் காட்டாதிருப்போம். கைபேசியில் வந்ததை மேலும் அனுப்பாதிருப்போம். எழுதியவர் யாரென்று ஊரெல்லாம் துருவி ஐயத்தை விதைக்காதிருப்போம். குற்றம் செய்த சகோதரனிடம் முதலில் தனியே சென்று பேசு என்று ஆண்டவர் காட்டிய வழி, மத்தேயு 18ஆம் அதிகாரத்தில் இன்றும் திறந்தே கிடக்கிறது. அவ்வழியில் நடக்க இரு கால்களும், காட்டுவதற்கு ஒரு முகமும் வேண்டும்.

தலைமைக் குருவின் முன்னிலையில் தம்மை அறைந்தவனிடம், நான் தவறாகப் பேசியிருந்தால் தவறு எதுவெனக் காட்டு என்று கேட்டார் இயேசு. அவனாவது எதிரே நின்று அறைந்தான். ஆகையால் கேட்க முடிந்தது. இருளில் நின்று அறைபவனுக்கு விளக்குப் பிடிக்கும் கைகளாக நம் கைகள் இருக்க வேண்டா.