கும்பிடுவதும் கேட்பதும்

வயதான கலைஞனைத் தீர்த்துக்கட்ட இரண்டு வழிகள் உண்டு. 'முப்பது வருஷத்துக்கு முன்னால் கேட்டிருக்க வேண்டும்' என்று உதட்டைப் பிதுக்குவது ஒன்று. அவன் மேடையில் கால் வைத்த மாத்திரத்தில் எழுந்து நின்று கைதட்டுவது மற்றொன்று. முதல் ஆள் இசைத்தட்டு சேகரிப்பவன். இரண்டாம் ஆள் பக்தன். இருவரும் எதிரெதிர் முகாம்களில் இருப்பதாகத் தோன்றும். ஆனால் இருவரும் செய்யும் காரியம் ஒன்றுதான். இன்றைக்கு, இந்த இடத்தில், அந்த மனிதன் என்ன வாசிக்கிறான் என்பதைக் கேட்க மறுக்கிறார்கள்.

இதைப் பொதுவாகச் சொன்னால் எல்லோரும் தலையாட்டிவிடுவார்கள். தலையாட்டலில் எனக்கு அக்கறை இல்லை. ஆகவே ஒரு குறிப்பிட்ட இசை, ஒரு குறிப்பிட்ட வாத்யம். சென்ற ஆண்டு விடுப்பில் அமெரிக்காவில் வட கரோலினாவில் அக்கா வீட்டில் தங்கியிருந்தபோது, எண்பதை நெருங்கும் ஒரு ப்ளூகிராஸ் மாண்டலின் கலைஞரை நேரில் கேட்க வாய்த்தது. அவர் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் பேச்சு அவருடைய கீர்த்தியின் பக்கம் திரும்பிவிடும். ஊர் திரும்பியபின், இந்தப் பக்கங்களை வாசிக்கிற நண்பர்கள் இருவரிடம் இது பற்றிப் பேசினேன். 'அவர் கை போய் இருபது வருஷம் ஆயிற்றே' என்றார் ஒருவர். 'மலைஜனங்களின் ஆதி இசை அல்லவா, நீர் பாக்கியசாலி' என்றார் மற்றவர். இந்தக் கட்டுரை இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் எதிரானது.

முதலில் 'ஆதி இசை'. ப்ளூகிராஸுக்குப் பிறந்த தேதி ஏறக்குறையத் தெரியும். தகப்பன் பெயரும் தெரியும். கென்டக்கி மாநிலத்தில் ரோஸீன் என்ற சிற்றூரில் 1911இல் பிறந்த பில் மன்ரோ. எட்டுக் குழந்தைகளில் கடைசி, கண்பார்வையில் கோளாறு. பிடிலையும் கிதாரையும் அண்ணன்மார் எடுத்துக்கொண்டபின் அவருக்கு மிஞ்சியது மாண்டலின். அதிலும் சத்தம் அதிகம் வரக்கூடாதென்று எட்டுத் தந்திகளில் நான்கைக் கழற்றிவிடச் சொன்னார்களாம். தாய்மாமன் பென்டில்டன் வாண்டிவரின் பிடிலிலிருந்து நடன மெட்டுகள் வந்தன. ஆர்னால்ட் ஷுல்ட்ஸ் என்ற கறுப்பின இசைக்காரரிடமிருந்து ப்ளூஸ் வந்தது. அண்ணன் சார்லியோடு சேர்ந்து பாடிய ஜோடி 1938இல் முறிந்தது. 1939இல் மன்ரோ தன் சொந்தக் குழுவுடன் நாஷ்வில்லின் கிராண்ட் ஓல் ஆப்ரி வானொலி நிகழ்ச்சியில் இடம்பிடித்தார். குழுவின் பெயர் ப்ளூ கிராஸ் பாய்ஸ். இசை வகைக்கே பின்னால் அந்தப் பெயர் வந்தது. 1945இன் கடைசியில் ஏர்ல் ஸ்க்ரக்ஸ் மூன்று விரல்களால் மீட்டும் தன் பாஞ்சோவோடு வந்து சேர்ந்தார். 1946 செப்டம்பரில் அந்தக் குழு ஒலிப்பதிவு செய்தபோது வடிவம் கூடிவிட்டது.

வானொலி, மைக், இசைத்தட்டுக் கம்பெனி, இரவெல்லாம் கார் ஓட்டி ஊர் ஊராகப் போய்க் கச்சேரி செய்யும் பிழைப்பு — இவையில்லாமல் இந்த இசை இல்லை. பாஞ்சோவின் மூதாதை ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளோடு வந்தது. மாண்டலின் இத்தாலியிலிருந்து வந்தது. மன்ரோவின் மாண்டலினை எடுத்துக்கொள்ளுங்கள். கிப்ஸன் கம்பெனியின் எஃப்-5. லாய்ட் லோர் என்பவர் 1923இல் கையெழுத்திட்டு வெளியே அனுப்பிய வாத்யம். மேற்கத்திய சாஸ்திரிய இசையை மாண்டலின்களிலேயே வாசிக்கிற கனவான்களின் குழுக்களை மனதில் வைத்துச் செய்யப்பட்டது. செய்து முடிப்பதற்குள் அந்த மோகம் வடிந்துவிட்டது; லோரும் 1924இல் கம்பெனியை விட்டுப் போய்விட்டார். அப்படி அனாதையாகிவிட்ட ஒன்றை 1940களில் ஃப்ளோரிடாவில் ஒரு முடிதிருத்தும் கடையில் 150 டாலர் கொடுத்து மன்ரோ வாங்கினார். வேறொரு சங்கீதத்துக்காகப் பிறந்த கருவியிலிருந்து தன் சங்கீதத்தை உண்டாக்கினார். இதில் ஆதி எங்கே இருக்கிறது? மண்வாசனை எங்கே இருக்கிறது? ஒரு தனிமனிதனின் பிடிவாதம் தன் காலத்துச் சாதனங்களைக் கொண்டு செய்த சிருஷ்டி இது. நாம் எதை நவீனத்துவம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறோமோ அதற்குச் சற்றும் குறையாதது.

'ஆதி இசை' என்று சொல்பவர் தாம் பாராட்டுவதாக நினைக்கிறார். கர்த்தாவிடமிருந்து அவனுடைய யோசனையைப் பிடுங்கி மலைக்கும் மரத்துக்கும் கொடுத்துவிடுகிறார் என்பதே விஷயம். அதன்பின் அந்தக் கிழவர் எப்படி வாசித்தால் என்ன? மலை வாசிக்கிறது, நாம் கும்பிடுகிறோம்.

இனி 'கை போய்விட்டது'. இதற்குப் பதில் சொல்லக் கச்சேரிக்குப் போக வேண்டும். மேடை நடுவில் ஒரே ஒரு மைக். ஐந்து பேர். பழைய வானொலிக் காலத்து முறை இது. யார் முறை வருகிறதோ அவர் மைக்கை நோக்கி ஓர் அடி முன்னால் வருகிறார். முடித்தவர் பக்கவாட்டில் விலகுகிறார். யார் எவ்வளவு உரக்கக் கேட்க வேண்டும் என்பதை உடம்பு நிற்கும் தூரம் தீர்மானிக்கிறது. பிடில்காரரின் வில் பாடுகிறவரின் தோளில் இடிக்காமல் உள்ளே வந்து வெளியே போகிறது. இசைத்தட்டில் ஒரு வாத்யம் தூக்கலாகவும் இன்னொன்று அடங்கியும் கேட்கிறது, அவ்வளவுதான். நேரில் அது ஒரு மனிதன் இன்னொரு மனிதனுக்கு இடம் விடுவதாக இருக்கிறது.

இந்த இசையில் சம்பிரதாயமாக டிரம் கிடையாது. டிரம்மின் வேலையை மாண்டலின் செய்கிறது. ஆளுயர பாஸ் அடியில் விழ, எதிரடியில் மாண்டலின்காரர் தந்திகளை ஒரே வீச்சில் அடித்து, அந்தக் கணத்திலேயே இடக்கை விரல்களைத் தளர்த்தி நாதத்தை அறுத்துவிடுகிறார். 'வெட்டு' என்றே அவர்கள் அதைச் சொல்கிறார்கள். ஒரு பாட்டில் அவர் தனியாக முன்வந்து வாசிப்பது கொஞ்ச நேரம்தான். மீதியெல்லாம் இந்த வெட்டு. கை போய்விட்டது என்று சொல்லும் நண்பர் அந்தக் கொஞ்ச நேரத்தை மட்டும் யூட்யூபில் கேட்டவர்.

கிழவரின் வேகம் குறைந்துதான் இருந்தது. இளமையில் சரமாரியாக ஸ்வரங்களைக் கொட்டிய இடத்தில் ஐந்தாறு மட்டுமே வந்தன. ஆனால் எந்த ஐந்தாறு என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. கிதார் வாசித்த பையனுக்கு இருபத்தைந்து வயது இருக்கலாம். காலியாக விடப்பட்ட இடத்தைக் கண்டு பதறி அவன் காலத்தை முன்னால் தள்ளினான். கிழவர் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை, தலையசைக்கவில்லை. வெட்டை மயிரிழை தாமதமாக வைத்தார், அடுத்ததையும் அப்படியே வைத்தார். நாலு வரி போவதற்குள் குழு முழுவதும் அவருடைய காலத்துக்குள் வந்துவிட்டது. வேகம் இருந்த நாட்களில் இந்தக் காரியம் வேகத்துக்குப் பின்னால் மறைந்து கிடந்திருக்கும். முதுமை அதை வெளியே கொண்டுவந்து வைத்தது. இதை உருக்கத்தில் சொல்லவில்லை. காதுக்குக் கேட்டதைச் சொல்கிறேன்.

அதே மாலையில் இரண்டு பாட்டுகள் தோற்றன. ப்ளூகிராஸ் குரல் மேல்ஸ்தாயியில் சஞ்சரிப்பது; மன்ரோ ஏற்படுத்திய வழக்கம். அந்த ஸ்தாயி இவர் தொண்டையில் இப்போது இல்லை. சுருதியை இறக்கியிருக்கலாம். இறக்கவில்லை, வீம்பு. குரல் உடைந்தது. அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது — குழுவையே இழுத்துப் பிடித்தாரே, அதற்குத் தட்டியதைவிடப் பலமாக. தோற்ற பாட்டுக்கும் ஜெயித்த பாட்டுக்கும் ஒரே மரியாதை என்றால் அவர் பாடினால் என்ன, பாடாவிட்டால் என்ன?

எனக்கு வங்கியில் வேலை. நவம்பர் மாதம் பென்ஷன்காரர்கள் லைஃப் சர்டிபிகேட் கொடுக்க எங்கள் கவுன்ட்டருக்கு வருவார்கள். ஆள் உயிரோடு இருக்கிறார் என்பது ஊர்ஜிதமானால் போதும். இன்றைக்கு அவர் என்ன நினைக்கிறார், என்ன செய்துகொண்டிருக்கிறார் என்பதற்கு அந்தப் படிவத்தில் கட்டம் கிடையாது. எழுந்து நின்று தட்டப்படும் அந்தக் கைதட்டல் எனக்கு அந்தப் படிவத்தை நினைவூட்டியது.

சேகரிப்பவர் தரப்பில் ஒரு வாதம் மிச்சமிருக்கிறது. அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. உச்சம் 1946 முதல் 1948 வரை, ஸ்க்ரக்ஸும் லெஸ்டர் ஃப்ளாட்டும் மன்ரோவுடன் இருந்தவரை; அது பதிவாகி இருக்கிறது; உச்சத்தைக் கையில் வைத்திருப்பவனுக்குச் சரிவு எதற்கு? நியாயமாகத்தான் படுகிறது. ஆனால் மன்ரோவே இதை ஒப்புக்கொள்ளவில்லை. 1946இல் தாம் மூன்று அடித் தாளத்தில் பதிவு செய்த கென்டக்கி நிலவுப் பாட்டை, 1954இல் பத்தொன்பது வயது எல்விஸ் பிரெஸ்லி நாலடிக்கு மாற்றித் துள்ளலாகப் பாடிப் பதிவு செய்தார். தன் பாட்டைக் கெடுத்துவிட்டான் என்று மன்ரோ ஒப்பாரி வைக்கவில்லை. அதே ஆண்டு தாமே அதை மறுபடியும் பதிவு செய்தார்: பழைய மூன்றடியில் தொடங்கி, பாதியில் நாலடிக்குத் தாவி. 1981இல், எழுபதைத் தொடும் வயதில், மாண்டலினுக்கு வழக்கமில்லாத முறையில் சுருதி கூட்டி ஒரு மெட்டை வெளியிட்டார். அதன் பதிவில் வயலின்களின் கூட்டமும் கடற்பறவைகளின் குரலும் வருகின்றன. தூய்மைவாதிக்கு அதைக் கேட்க நெளிச்சலாக இருக்கும். தம்முடைய சம்பிரதாயத்துக்குத் தாமே கட்டுப்படாதவரை நாம் 1946இல் பூட்டி வைக்கிறோம்.

மன்ரோவுக்கு மட்டும் நேர்ந்த அதிசயமும் அல்ல இது. ஜெஸ்ஸி மெக்ரெனால்ட்ஸ் 1929இல் பிறந்தவர். பாஞ்சோவின் உருட்டலை ஒற்றைப் பிக்கால் மாண்டலினில் கொண்டுவந்து தனக்கென ஒரு பாணி அமைத்தவர். 2010இல், எண்பதைத் தாண்டிய பிறகு, கிரேட்ஃபுல் டெட் என்ற ராக் குழுவின் பாட்டுகளை எடுத்துக்கொண்டு ஒரு முழு ஆல்பம் வெளியிட்டார். நன்றாக இருக்கிறதா இல்லையா என்று விவாதிக்கலாம். விவாதிக்க வேண்டும் என்பதுதான் நான் சொல்வது.

மாண்டலின் என்றதும் நமக்கு நினைவு வருகிறவர் உ. ஸ்ரீநிவாஸ் (1969-2014). கமகம் நிற்க வேண்டும் என்பதற்காக மின்சார மாண்டலினை எடுத்து, ஜோடித் தந்திகளை நீக்கி ஒற்றைத் தந்திகள் ஐந்து கட்டியவர். வாத்யத்தைப் பற்றி இவ்வளவு தீவிரமாக யோசித்தவரை நாம் என்ன செய்தோம்? 'பால மேதை' என்று கும்பிட்டோம். மீசை முளைத்த பிறகும் பால மேதைதான். அங்கே வயது குறைந்தது என்று வியப்பு. இங்கே வயது கூடியது என்று வியப்பு. இரண்டிலும் காதுக்கு வேலையில்லை. முதுமையில் அவர் என்ன வாசித்திருப்பார் என்பது தெரியாமலே போய்விட்டது.

1985இல் மன்ரோவின் வீட்டுக்குள் யாரோ புகுந்து கணப்படுப்புக் கம்பியால் அந்த எஃப்-5ஐ அடித்து நொறுக்கினார்கள். கிப்ஸன் கம்பெனியின் கைவினைஞர்கள் நூற்றுக்கணக்கான சில்லுகளைப் பொறுக்கி ஒட்டிக் கொடுத்தார்கள். அதைப் பத்திரப்படுத்தி வைக்காமல் மறுபடியும் மேடைக்கு எடுத்துக்கொண்டு போனார் மன்ரோ. 1996இல் இறந்தார். இன்று அது நாஷ்வில்லின் கன்ட்ரி இசை அருங்காட்சியகத்தின் உடைமை. வாத்யம் அங்கே இருப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. வாசிக்கிறவனை உயிரோடு அங்கே கொண்டுபோய் வைப்பதில்தான் ஆட்சேபம்.

2023 ஜூனில் ஒரே மாதத்தில் மெக்ரெனால்ட்ஸும், இன்னொரு மூத்த மாண்டலின்காரரான பாபி ஆஸ்போர்னும் இறந்தார்கள். உடனே அஞ்சலிகள் குவிந்தன. அஞ்சலி எழுத எதையும் புதிதாகக் கேட்க வேண்டியதில்லை. பழைய பெருமைகளைத் தேதிவாரியாக அடுக்கினால் போதும்.

இந்தப் பத்திரிகையின் வாசகர்கள் இதை அமெரிக்க விவகாரம் என்று புரட்டிவிட வேண்டாம். எழுபதைத் தாண்டியும் எழுதிக்கொண்டிருக்கிறவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களுக்குச் சிறப்பிதழ் போடுகிறோம், சால்வை போர்த்துகிறோம், அவர்களுடைய முதல் தொகுப்பைப் பற்றி நாற்பது வருஷமாகப் பேசுகிறோம். போன மாதம் வந்த புத்தகத்தைப் படித்துவிட்டு, இந்த மூன்று கவிதைகள் நிற்கின்றன, மற்றவை விழுந்துவிட்டன என்று எழுத ஓர் ஆள் இல்லை. எழுதினால் அநாகரிகம் என்கிறார்கள். அந்த அநாகரிகத்தை யாராவது அடுத்த இதழில் தொடங்கட்டும்.