காட்சி விரிக்கும் பொறிக்கு ஏற்ற இடைமுகம் எது?

எமது கல்லூரியினின்றும் வெளியேறிப் பொறியியற்றுறை புகுந்தோர் பலர் இம்மலரைப் படிப்பர். அவர்க்கும், சிறு கணினிகளைக் கொண்டு ஏதேனும் ஆக்க விழையும் இன்றைய மாணவர்க்கும் பயன்படுமென்று கருதியே, சற்றுக் கரடுமுரடான இப்பொருளை எடுத்துக்கொண்டோம்.

உள்ளங்கையளவான கணினிப் பலகைகள் பலவற்றில், சுருக்கிய வீடியோவை விரித்தற்கெனத் தனிப்பொறியொன்று சில்லினுள்ளேயே அமைந்திருக்கின்றது. டிகோடர் என்பது அதன் பெயர். அதனோடு எமது நிரல் எவ்வழியாற் பேசுவது? விற்பவர் தரும் மூடிய நூலகம் ஒரு வழி. லினக்ஸ் கேர்னலிலுள்ள வி4எல்2 என்னும் பொது இடைமுகம் மற்றொரு வழி. பின்னதையே கொள்ளல் வேண்டுமென்பது எமது துணிபு.

பட்டறிந்தே இதனைக் கூறுகின்றோம். சில ஆண்டுகளின் முன் மண்டபமொன்றின் அறிவிப்புத் திரைக்காகப் பலகையொன்றை வாங்கினோம். உடன் வந்த நூலகம் குறைவின்றி இயங்கிற்று. பாதுகாப்பின் பொருட்டுக் கேர்னலைப் புதுப்பித்த அன்றே படம் நின்றுவிட்டது. நூலகம் பழைய கேர்னலொன்றுக்கே கட்டுண்டிருந்தது. மூலநிரலும் இல்லை, கடிதங்களுக்கு மறுமொழியும் இல்லை. பழுதற்ற அப்பலகை இன்றும் எமது அலுமாரியிற் கிடக்கின்றது.

வி4எல்2 வழியிலும் இருவகையுண்டு. ஒருவகைப் பொறி, பழைய கடிதங்களையெல்லாம் நினைவில் வைத்திருக்கும் எழுதுவினைஞரைப் போன்றது. தரவை ஊட்டினாற் போதும், எஞ்சியதைத் தன்னகத்துள்ள மறைநிரலாற் செய்துகொள்ளும். மற்றையது ஒன்றையும் நினைவில் வையாது. ஒவ்வொரு சட்டகத்துக்கும் உரிய அளவுகளையும், எம்முன்னைய சட்டகங்களை நோக்க வேண்டுமென்பதையும் எமது நிரலே பகுத்தறிந்து கோப்பாகக் கையளித்தல் வேண்டும். முன்னது எளிது, ஆயின் மறைநிரல் பிழைத்தால் நாம் கைகட்டி நிற்கவேண்டியதே. பின்னதில் உழைப்பு மிகுதி. பகுப்பு வேலை முழுவதும் கண்ணுக்குப் புலப்படும் நிரலில் நிகழ்வதால், பிழையை நாமே தேடித் திருத்தலாம்.

இப்பின்னைய வகைக்கு வேண்டிய கோரிக்கை இடைமுகம் 2018 டிசம்பரில், 4.20 ஆம் கேர்னலோடு வந்தது. ஓல்வின்னர் சில்லுகளின் உள்ளியல்பை ஆர்வலர் ஆராய்ந்தறிந்தமையும், பொதுமக்கள் ஈந்த நிதியும் துணைநிற்க, பூட்லின் நிறுவனத்தார் எழுதிய செட்ரஸ் இயக்கியும் அதனுடனேயே சேர்ந்தது. எச்.264க்குரிய பகுதி 2021இல் 5.11 ஆம் கேர்னலில் நிலைபெற்றது; ஏவி1க்குரியது 2023இலேதான் வந்தது. வேகம் போதாதென்று குறைகூறுவாரை நாம் மறுக்கவில்லை. எஃப்எஃப்எம்பெக் போன்ற பெருநிரலிலும் இதற்கான திருத்தங்கள் பல்லாண்டு மூலத்துக்குப் புறத்தேயே கிடந்தன. ஜிஸ்ட்ரீமரைக் கைக்கொண்டோர்க்கு இத்தொல்லை குறைவு.

இன்னொரு நயமும் உண்டு. 1920க்கு 1080 புள்ளி கொண்ட ஒரு சட்டகம் விரிந்தபின் ஏறத்தாழ 31 இலட்சம் பைட் இடம் கொள்ளும். வினாடிக்கு 30 சட்டகமெனில் 9 கோடிக்கு மேல். இதனைச் செயலி நினைவகத்தில் இங்குமங்கும் படியெடுக்கப் புகுந்தால், தனிப்பொறி வைத்ததன் பயனே கெடும். வி4எல்2 வழியில், டிஎம்ஏ-பஃப் என்னும் முறையால் அச்சட்டகம் படியெடாமலே திரைக்குச் செல்லக்கூடும்.

றாஸ்பெரி பை கொண்டு பயில்வோர் ஒன்றைக் கவனிக்க. நான்காம் பதிப்பில் எச்.264க்கு முதல்வகைப் பொறியும், எச்.265க்கு இரண்டாம் வகைப் பொறியும் உள்ளன. 2023இல் வந்த ஐந்தாம் பதிப்பிலோ எச்.264 விரிக்கும் பொறியே இல்லை. அவ்வேலையைச் செயலியே செய்கின்றது. பலகை எவ்வடிவங்களை ஏற்குமென்பதை நிரல் தொடக்கத்திலேயே வினவுதல் நன்று. வி4எல்2இல் அதற்கெனவே ஓர் அழைப்பு உண்டு.