நெரிசலை எந்தத் தராசில் நிறுக்கிறார்கள்?

கடையில் மின்னணுத் தராசு வைத்திருக்கும் ஒவ்வொரு வியாபாரியும் ஆண்டுக்கு ஒரு முறை அதைக் காட்டி முத்திரை வாங்க வேண்டும். தவறினால் அபராதம். இதில் நமக்கு மறுப்பில்லை. அளவு சரியாக இருந்தால்தான் வாடிக்கையாளர் மறுபடி வருவார். ஆனால் மேடவாக்கம் கூட்டுரோட்டிலும் பெரும்பாக்கம் சாலையிலும் தினசரி நம் பொழுதைத் தின்னும் நெரிசலை அரசு எந்த அளவில் அளக்கிறது, அந்த அளவுக்கு முத்திரை போட்டது யார் என்று நாம் கேட்டதில்லை.

வழக்கமான முறை இதுதான். சந்திப்பில் ஆள் நிறுத்தியோ கேமரா வைத்தோ வண்டிகளை எண்ணுகிறார்கள். கார் ஒன்று என்றால் பேருந்தோ லாரியோ ஏறத்தாழ மூன்று கார். அறுபது பேரை ஏற்றி வரும் பேருந்தும், ஆளுக்கொன்றாக மூன்று பேர் ஓட்டி வரும் மூன்று கார்களும் இந்தக் கணக்கில் சமம்! சாலைக்கு இடைஞ்சல் யார் என்று இந்தத் தராசில் நிறுத்தால் பேருந்தும் நம் சரக்கு லாரியும்தான் கனமாகத் தெரியும். நெரிசல் என்றதும் முதலில் லாரிக்கு நேரத்தடை வருவதில் வியப்பென்ன? நகர வேண்டியது மனிதர்களே தவிர வாகனங்கள் அல்ல என்று மத்திய அரசின் நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை 2006-லேயே சொல்லிவிட்டது. எண்ணும் முறை மட்டும் மாறவில்லை.

அடுத்தது வேகம். 2022 மே மாதம் மேடவாக்கம் மேம்பாலம் முழுமையாகத் திறந்தது. தாம்பரம் - வேளச்சேரி போகிறவர்களுக்குப் பெரிய உதவி, சந்தேகமில்லை. பெரும்பாக்கம், சோழிங்கநல்லூர் பக்கம் திரும்புகிறவர்களுக்குக் கீழே உள்ள பழைய சாலைதான். பாலத்தின் மேல் வேகத்தை அளந்தால் வெற்றி, கீழே அளந்தால் வேறு கதை. கொத்தவால்சாவடி 1996-ல் கோயம்பேட்டுக்குப் போனதை மூத்த உறுப்பினர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஜார்ஜ் டவுன் சந்துகள் மூச்சு விட்டன, கோயம்பேடு திணறியது. 2023 டிசம்பர் 30-ல் வெளியூர்ப் பேருந்துகளுக்குக் கிளாம்பாக்கம் முனையம் திறந்தார்கள். நமக்கு அது பக்கம்தான். பெட்டி படுக்கையோடு வடசென்னையிலிருந்து வருகிறவருக்கு எவ்வளவு நேரம் கூடியது என்பதும் அதே கணக்கில் சேர வேண்டாமா?

சராசரி என்பதும் நம்மை ஏமாற்றும். மளிகை மொத்த வியாபாரத்தில் மாத முதல் வார விற்பனையையும் கடைசி வார விற்பனையையும் கூட்டிப் பாதியாக்கி யாராவது சரக்கு எடுப்பார்களா? லோடு தினமும் ஒரு மணி தாமதம் என்றால் அதற்குத் தக்கபடி ஆளை வரச் சொல்லலாம். ஒரு நாள் எட்டு மணிக்கும் மறுநாள் பதினொன்றுக்கும் வந்தால் சுமைக்கூலி வீண், சில்லறைக் கடைக்காரர் வேறு இடத்தில் வாங்கிவிடுவார். சராசரியை விட இந்த ஏற்ற இறக்கத்தை அளப்பதே நமக்கு முக்கியம்.

சிங்கப்பூரில் பெருஞ்சாலைகளுக்கு மணிக்கு 45 முதல் 65 கிலோமீட்டர், நகரின் முக்கியச் சாலைகளுக்கு 20 முதல் 30 என்று இலக்கு வைத்து, வேகம் குறைந்தால் சாலைக் கட்டணத்தைக் கூட்டுகிறார்கள். அந்தக் கட்டணம் இங்கே ஒத்துவராது. மாற்றுப் பேருந்து இல்லாத இடத்தில் அது வெறும் வரியாகிவிடும். ஆனால் அவர்களுடைய 2040 திட்டத்தில் இன்னொரு இலக்கு உண்டு. நெரிசல் நேரத்திலும் வீட்டிலிருந்து வேலைக்குப் பொதுப் போக்குவரத்திலோ நடந்தோ சைக்கிளிலோ 45 நிமிடத்தில் போய்ச் சேர வேண்டும் என்பது அது. வண்டியை விட்டு மனிதனை அளக்கும் தராசு!

இங்கே அது எழில் நகரிலிருந்து தொடங்க வேண்டும். கூவம், அடையாறு கரைகளிலிருந்து, குறிப்பாக 2015 வெள்ளத்துக்குப் பிறகு, ஆயிரக்கணக்கான குடும்பங்களைப் பெரும்பாக்கத்தில் குடியமர்த்தினார்கள். பிழைப்பு நகரத்தில், வீடு இங்கே. நம் கடைப் பையன்களும் சுமை தூக்குகிறவர்களும் பலர் அங்கிருந்துதான் வருகிறார்கள். காலை எட்டு மணிக்கு எழில் நகர் நிறுத்தத்தில் நிற்பவர், காத்திருக்கும் நேரமும் சேர்த்து, தாம்பரம் ரயில் நிலையத்தை எத்தனை நிமிடத்தில் அடைகிறார்? இதை மாதந்தோறும் அளந்து வெளியிட்டு, ஆண்டுக்கு இத்தனை நிமிடம் குறைப்போம் என்று இலக்கு வைக்கட்டும்.

யாரிடம் கேட்பது என்பதுதான் சிக்கல். ஊர் ஊராட்சியில், சாலை நெடுஞ்சாலைத் துறையில், பேருந்து மாநகரப் போக்குவரத்துக் கழகத்தில், சிக்னல் தாம்பரம் காவல் ஆணையரகத்தில். எல்லாவற்றையும் ஒன்றாகப் பார்க்கத்தான் ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமத்துக்கு 2010-ல் சட்டம் வந்தது. முதல் கூட்டம் கூடியது 2022-ல்! மாதவரம் - சோழிங்கநல்லூர் மெட்ரோ பெரும்பாக்கம் வழியாக வரப்போகிறது, நல்லது. அதற்கான தூண் வேலையில் சாலை குறுகியிருக்கும் இந்த வருடங்களையும் யாராவது கணக்கில் வைக்க வேண்டும்.

நாம் சும்மா இருக்க வேண்டியதில்லை. செங்குன்றத்திலிருந்து அரிசி வரும் கடைகள் எல்லாம், லோடு புறப்பட்ட நேரம், மேடவாக்கம் தொட்ட நேரம், இறக்கி முடித்த நேரம் மூன்றையும் ஒரு மாதம் நோட்டில் எழுதி வரட்டும். காலை எட்டு மணிக்குச் சாலையோரம் லாரியை நிறுத்தி மூட்டை இறக்கும் சில உறுப்பினர்கள் அந்த நேரத்தையும் மறைக்காமல் எழுத வேண்டும். நோட்டுகளைச் சேர்த்துச் சங்கத்தின் பெயரில் மாவட்ட ஆட்சியரிடமும் அந்தக் குழுமத்திடமும் கொடுக்கலாம் என்பது எங்கள் யோசனை. அடுத்த மாதக் கூட்டத்தில் இதைப் பொருளாக எடுத்துக்கொள்ளுமாறு நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறோம்.