கரப்பான் களிம்பு: எங்கள் நிலைப்பாடு

பழைய காலி ட்யூபை மெடிக்கலில் நீட்டினால் புது ட்யூப் கிடைத்துவிடும். மங்களூர் ஒன்றியத்துக் கிராமங்களில் கரப்பானுக்கு மருந்து வாங்குவது பெரும்பாலும் இப்படித்தான். இந்த வழக்கம் நிற்க வேண்டும் என்பது எங்கள் மன்றத்தின் நிலைப்பாடு. டாக்டர் பார்த்து எழுதிய ஸ்டீராய்டு களிம்பை, பேரைக் கேட்டதும் பயந்து மூலையில் போடுவதையும் நாங்கள் ஏற்கவில்லை.

சட்டம் தெளிவாகவே இருக்கிறது. 2018 மார்ச்சில் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு மேற்பூச்சுகளை அட்டவணை எச்-இல் கொண்டுவந்தது. சீட்டு இல்லாமல் அவற்றை விற்கக் கூடாது. அதற்கு முன்பே, 2011-இல் வெளியான இந்தியத் தோல் மருத்துவர்களின் ஆய்வில், முகத்தில் தொந்தரவு என்று வந்த 2,926 பேரில் 433 பேர் ஸ்டீராய்டு பூசி வந்தது தெரிந்தது. அவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு அதைப் பூசச் சொன்னவர் டாக்டரே அல்ல.

ட்யூபின் மேல் உள்ள சதவீதத்தைப் பார்த்து வீரியத்தை எடைபோடுபவர்கள் ஏமாறுகிறார்கள். 1 சதவீத ஹைட்ரோகார்ட்டிசோன் மிக மென்மையானது. 0.05 சதவீத குளோபெட்டசால் மிகக் கடுமையானது; பெரியவர்களுக்கே தொடர்ந்து இரண்டு வாரம், வாரத்துக்கு 50 கிராம் என்பதுதான் அதன் உச்ச வரம்பு. பெரியப்பாவின் கால் கரப்பானுக்குக் கொடுத்த களிம்பைக் குழந்தையின் கன்னத்தில் தடவக் கூடாது என்பது இதனால்தான். தோல் மெலியும், ரத்தக் குழாய்கள் தெரியும், முகத்தில் பருவும் முடியும் கிளம்பும். அரிப்பு படர்தாமரையாக இருந்துவிட்டால் இன்னும் மோசம்: இரண்டு நாள் அடங்கியதுபோல் காட்டி, உள்ளே பரவிக்கொண்டே போகும்.

முறையாகப் பூசுவது கடினமில்லை. பெரியவரின் ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை பிதுக்கினால் ஏறக்குறைய அரை கிராம். விரல்களோடு சேர்த்து இரண்டு உள்ளங்கை அளவு தோலுக்கு அது போதும். கரப்பான் உள்ள இடத்தில் மட்டும், சொன்ன நாள் வரைக்கும். தோல் வறளாமல் பார்த்துக்கொள்ளும் களிம்பை அதன் பிறகும் விடக் கூடாது.

விருத்தாசலம் பீங்கான் பட்டறைகளில் நாளெல்லாம் ஈரக் களிமண்ணில் கைவைப்பவர்கள், முந்திரி ஓட்டு எண்ணெய் கையில் படுபவர்கள் ஆகியோருக்கு எந்தக் களிம்பும் பாதி மருந்துதான். வேலை கையைக் கெடுத்துக்கொண்டே இருக்கும். பருத்தி உறையும் அதன்மேல் ரப்பர் உறையும், கை கழுவ நல்ல தண்ணீரும் தருவது முதலாளிகளின் பொறுப்பு. கை கெடுவதைத் தொழிலாளியின் அசட்டை என்று பேசுவது எங்களுக்குச் சம்மதமில்லை.

மருந்துக்கடைகள் சீட்டைக் கேட்க வேண்டும். ஸ்டீராய்டும் பூஞ்சை மருந்தும் கலந்த ட்யூபைத் தாங்களாக எடுத்துக் கொடுக்கக் கூடாது. டாக்டர்கள் எங்கே, எவ்வளவு, எத்தனை நாள் என்பதைச் சீட்டில் தமிழில் எழுத வேண்டும். ‘வெளிப்பூச்சு’ என்ற ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு வீட்டில் யார் என்ன செய்ய முடியும்?

மாதக்கணக்காக முகத்தில் கடுமையான களிம்பு பூசி வருபவர்கள் இதைப் படித்துவிட்டு இன்றே நிறுத்திவிட வேண்டாம். திடீரென நிறுத்தினால் முகம் சிவந்து எரியலாம். ட்யூபைக் கையோடு எடுத்துக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அரசு மருத்துவமனையின் தோல் பிரிவுக்கோ சென்று, படிப்படியாகக் குறைக்கும் வழியைக் கேளுங்கள்.